மென்டர், கோச், ஸ்பான்சர்: யாரிடம் எதைக் கேட்பது?

மென்டரோடு, அதாவது வேலையில் வழிகாட்டும் அனுபவசாலியோடு, மாதாமாதம் பேசுகிறேன். இரண்டு வருடமாகியும் பதவி உயர்வு வரவில்லை. ஆளை மாற்றலாமா?

அவரை விட்டுவிடாதீர்கள், கூடவே இன்னொருவரைத் தேடுங்கள். பதவி உயர்வுப் பட்டியலை முடிவு செய்யும் கூட்டத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை. அங்கே, "இதை இவரிடம் கொடுங்கள், நான் பொறுப்பு" என்று சொல்ல ஆள் வேண்டும். அவர்தான் ஸ்பான்சர். உங்கள் மென்டருக்கு அந்தக் கூட்டத்துக்கு அழைப்பே இல்லாமல் இருக்கலாம். ஸ்பான்சராக இருங்கள் என்று யாரிடமும் போய்க் கேட்டுப் பயனில்லை. தன் பெயரைப் பணயம் வைப்பவர் முதலில் உங்கள் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். அவர் பொறுப்பில் நடக்கும் ஏதாவதொரு வேலையைக் கேட்டு வாங்கி, சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுங்கள்.

மேனேஜரே மென்டராக இருந்தால் போதாதா?

வேலை நுணுக்கம் கற்கப் போதும். ஆனால், வேறு துறைக்குப் போகலாமா என்ற குழப்பத்தை அப்ரைசல் எழுதுபவரிடமே கொட்ட முடியுமா? அதற்கு வெளியாள்தான் சரி.

கோச் என்பவர் வேறா?

வேறு. குறிப்பிட்ட ஒரு திறமை, குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் கட்டணம். கோச் உங்கள் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை.

வயது 50. ஏஐ கற்றுக்கொள்ள என்னைவிடப் பாதி வயதுள்ளவரிடம் அனுப்புகிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் முதல் ஆள் இல்லை. 1999-இல் அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவர் ஜாக் வெல்ச், தன் மேல்மட்ட அதிகாரிகள் 500 பேரை இளையவர்களிடம் இணையம் கற்க அனுப்பினார். இளையவர் மூத்தவருக்குக் கற்றுத்தரும் இந்த ரிவர்ஸ் மென்டரிங் பரவலாகத் தெரியவந்தது அப்போதுதான். ஒன்று மட்டும்: கீபோர்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும். அவர் செய்துகாட்ட நீங்கள் தலையாட்டினால் மறுநாளே மறந்துபோகும். உங்களுக்குக் கீழே வேலை செய்பவராக இருந்தால் ஆளை மாற்றித் தரச் சொல்லுங்கள். தவறைத் தவறு என்று சொல்ல அவர் தயங்குவார்.

என் மென்டரிடம் இனிக் கற்க ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. நன்றி மறந்தவனாகிவிடுவேனோ?

கேத்தி கிராம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983-இலேயே இந்த உறவை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை. பிரிவும் இதில் ஒரு கட்டம்தான். அதைத் தாண்டிய பல ஜோடிகள் நண்பர்களாகிவிடுகிறார்கள். உறவைக் கெடுப்பது என்னவோ, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதுதான். அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள், அதனால் என்ன நடந்தது என்று நாலு வரி எழுதுங்கள். மாதாந்தர சந்திப்பை நிறுத்திக்கொள்ளலாமா, தேவைப்படும்போது அழைக்கலாமா என்று கேளுங்கள். அவரும் அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம்.