வீடியோ புரிகிறது, கணக்கு வரவில்லை என்றால்

நண்பரே, பி.காம் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸுக்காக கால்குலஸ் படிப்பதாகவும், வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்து, சங்கிலி விதிக் கணக்கில் (ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருக்கும்போது அதன் மாறும் வீதத்தை, அதாவது வகைக்கெழுவைக் காணும் விதி) மட்டும் கை நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். த்ரீப்ளூஒன்பிரவுன் யூடியூப் சேனலின் கால்குலஸ் தொடர் அருமையானது, ஆனால் அது கருத்தை விளக்குவதற்கு. கணக்குப் பழக்கம் அதில் வராது. நீச்சலை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்ன?

பயிற்சிக்கு பால்ஸ் ஆன்லைன் நோட்ஸ் இணையதளத்துக்குப் போங்கள். இலவசம், பயிற்சிக் கணக்குகளுக்கு முழுத் தீர்வும் உண்டு. தீர்வை மூடி வைத்துவிட்டுப் போடுங்கள். தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் 11ஆம் வகுப்புக் கணிதம், இரண்டாம் தொகுதி.

நீங்கள் தடுமாறிய சைன் எக்ஸ் ஸ்கொயர் கணக்கு: வெளியே சைன், உள்ளே எக்ஸ் ஸ்கொயர். வெளியே இருப்பதை வகையிட்டால் காஸ், உள்ளே இருப்பதைத் தொடக்கூடாது. பிறகு உள்ளே இருப்பதன் வகைக்கெழு 2எக்ஸால் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

விடை சரியா என்று கேட்க ஆசிரியர் தேவையில்லை. எக்ஸ் 1 என்றால் உங்கள் விடை சுமார் 1.08 தரும். கால்குலேட்டரில் எக்ஸ் 1.001க்கும் 1க்கும் சைன் எக்ஸ் ஸ்கொயரின் மதிப்பைக் கண்டு (எக்ஸை முதலில் ஸ்கொயர் செய்து, பிறகு சைன்), வித்தியாசத்தை 0.001ஆல் வகுத்தாலும் அதே 1.08 வர வேண்டும். ரேடியன் முறையில் போடுங்கள், டிகிரியில் போட்டால் ஒன்றும் ஒத்துவராது.

தொகையிடல் (வகையிடலுக்கு எதிர்ச் செயல்) உத்திகளை இப்போதைக்கு ஒதுக்குங்கள். டேட்டா சயின்ஸில் வரும் நியூரல் நெட்வொர்க்கில் (தரவிலிருந்து கற்கும் கணினி மாதிரி) எடைகளை, அதாவது அதற்குள் இருக்கும் எண்களைத் திருத்துவது இந்தச் சங்கிலி விதியை வைத்துத்தான். அடுத்தது பகுதி வகையிடல், அதாவது பல மாறிகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றி வகையிடுவது; அதற்கு கான் அகாடமி இணையதளம் போதும்.