கெர்னலின் நெட்வொர்க் ட்ரைவர்களைத் துப்புரவு செய்வது புதியவருக்கு ஏற்ற வேலையா? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்ட தம்பி திருகோணமலை வளாகத்தில் கடைசி வருடம் படிக்கிறார். சி மொழி ஓரளவு கைவந்திருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்கு ஏதாவது செய்ய ஆசை. நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் ட்ரைவர் நிரல்களில், எழுத்து நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவி காட்டும் எச்சரிக்கைகளைத் திருத்தி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார்.

ட்ரைவர் துப்புரவு நல்ல வேலை, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் செக்பேட்சிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு காரியம் பாதியில் பிழையாகிப்போனால் ட்ரைவர் பின்வாங்கி வருகிற வழி ஒன்று இருக்கிறது. அழுக்கு சேர்வது பெரும்பாலும் அங்கேதான். எனக்கு அது உறைத்தது உப்புவெளியில்.

நான் திருமலையில் சிறிய ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறவன். சில வருடங்களுக்கு முன் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. 512 எம்பி நினைவகம் கொண்ட பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு அதையே கேட்வே ஆக்கியிருந்தேன். இன்டர்நெட்டுக்கு ஒரு கார்ட், அறைகளுக்கு ஒரு கார்ட், கேமராக்களுக்கென்று மூன்றாவது ஒன்று. கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள், கடற்கரைக்கு ஆட்கள் வரும் காலம், அறைகள் எல்லாம் நிறைந்திருக்கும். கரண்ட் போய் வந்த சில நாட்களில் மட்டும், மூன்று மணி நேரத்துக்குள் கணினி இறுகிப்போய்விடும். "தம்பி, நெட் திரும்பவும் நிண்டிட்டுது, பிள்ளையள் வந்து வந்து கேக்குதுகள்" என்று விடுதிக்கார அக்கா ஃபோன் எடுப்பார். உவர்மலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புக் காற்றில் கார்டின் பற்கள் கறுத்திருக்கும் என்று இரண்டு தடவை கழற்றி அழிறப்பரால் தேய்த்தும் பார்த்தேன்.

காரணம் மூன்றாவது கார்டின் ட்ரைவர். அது கெர்னலில் சேராதது, கார்டுடன் வந்த மூலக்குறியீட்டை நானே கம்பைல் செய்து போட்டது. அதில் கார்டை எழுப்பும் ஓப்பன் ஃபங்ஷன் மூன்று காரியம் செய்கிறது. முதலில் வரும் பாக்கெட்டுகளுக்கு 256 இடம் கொண்ட ரிங் ஒன்று, அதாவது சுற்றிச் சுற்றிப் பாவிக்கும் வரிசை, எடுக்கிறது, ஒவ்வோர் இடத்துக்கும் பாக்கெட்டை வைக்க 2,048 பைட் பஃபர். அடுத்தது அனுப்பும் ரிங். கடைசியில், கார்ட் செயலியைக் கூப்பிடுகிற இன்டரப்ட் தடத்தைக் கெர்னலிடம் கேட்கிறது. அந்தக் கணினியில் பழைய சீரியல் கார்ட் ஒன்றும் இருந்தது. கரண்ட் வந்து கணினி எழும்பும்போது சில வேளை சீரியல் கார்டின் ட்ரைவர் முந்திக்கொண்டு, யாருடனும் பகிரச் சம்மதிக்காமல் அதே தடத்தைப் பிடித்துவிடும். அப்போது நம் ட்ரைவருக்குத் தடம் இல்லை என்று பதில் வரும். அது அந்தப் பிழை எண்ணை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டது. அதற்கு முன் எடுத்த ரிங்குகளும் பஃபர்களும் கேட்பாரில்லாமல் நினைவகத்தில் கிடந்தன.

256 தர 2,048 என்றால் 524,288 பைட், அரை எம்பி. கார்ட் எழும்பாவிட்டால் 10 விநாடிக்கு ஒரு தடவை திரும்ப முயலும்படி ஸ்கிரிப்ட் போட்டிருந்தேன். மணிக்கு 360 முயற்சி, 180 எம்பி. மூன்று மணி நேரத்தில் நினைவகம் காலி. கேமராப் படம் வரவில்லை என்பதை அந்தப் பரபரப்பில் யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் பார்த்தது மூன்று மணி நேரம் கழித்து நின்றுபோன இன்டர்நெட்டைத்தான்.

கெர்னல்காரர்களிடம் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. எடுத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஃபங்ஷனின் அடியில் லேபல்களைப் படிக்கட்டு போல அடுக்கி, எந்தப் படியில் தடுக்கியதோ அதற்குக் கீழ் உள்ள படிக்கு கோடூ போட்டுத் தாவுவார்கள். இன்டரப்ட் கிடைக்கவில்லையா, அனுப்பும் ரிங்கை விடுவி, அப்படியே இறங்கிப் பஃபர்களையும் பெறும் ரிங்கையும் விடுவி. அனுப்பும் ரிங்கே கிடைக்கவில்லையா, ஒரு படி தள்ளி இறங்கு. கோடூ பாவிக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். இந்த இடத்தில் அதைவிடச் சுத்தமான எழுத்து எனக்குத் தெரியாது. நான் சேர்த்தது பத்துப் பன்னிரண்டு வரிதான்.

அந்தக் கோப்பில் செக்பேட்சை ஓடவிட்டபோது நூற்றுக்கும் மேலான எச்சரிக்கைகள் வந்தன. வரி நீளம், டேப்புக்குப் பதில் இடைவெளி, அடைப்புக்குறி இருக்க வேண்டிய இடம். கசிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுத்தின் உருவத்தைப் பார்க்கிற கருவியிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. நெட்வொர்க் பகுதியின் பராமரிப்பாளர்கள், வேறு வேலையோடு சேராத வெறும் அழகுத் திருத்தங்களை ஊக்குவிப்பதில்லை என்று கெர்னல் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கும் தொடக்கத்தில் அந்தப் பதில்தான் வந்தது, மனம் சுருங்கித்தான் போனது. பிறகு யோசித்தால் நியாயம் விளங்குகிறது. ஒரு வரியை யார், எதற்காக எழுதினார் என்று, ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவரைக் காட்டும் கிட் பிளேமில் தேடினால் இடைவெளி திருத்தியவரின் பெயர்தான் முன்னுக்கு வரும். அதைவிட மோசம், அடுத்த மாதம் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய நிலையான பதிப்புகளுக்குக் கொண்டுபோகும்போது சுற்றியுள்ள வரிகள் மாறியிருப்பதால் அது பொருந்தாது. ஒருவர் உட்கார்ந்து கையால் பொருத்த வேண்டும். கைப்பழக்கத்துக்காகவே செய்ய ஆசை என்றால் ஸ்டேஜிங் கோப்புறை இருக்கிறது. 2008ல் கிரெக் குரோ-ஹார்ட்மன் தொடங்கிய அந்த இடத்தில், இன்னும் தேறாத ட்ரைவர்கள் திருத்தத்துக்காகவே காத்திருக்கின்றன.

இனி, துப்புரவு என்று இறங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டிய பொறி ஒன்று. ட்ரைவரில் ஒரு ரெஜிஸ்டரில், அதாவது கார்டுக்குக் கட்டளை கொடுக்கும் சிறு நினைவிடத்தில், எழுதிவிட்டு, உடனே அதே ரெஜிஸ்டரைப் படித்து, படித்ததை எதற்கும் பயன்படுத்தாமல் விட்டிருப்பார்கள். பார்த்தால் வேலையில்லாத வரி. விடுதிக் கார்டின் ட்ரைவரில் அப்படி ஒன்றை நான் அழித்தேன். என் மேசையிலிருந்த கணினியில் எல்லாம் சரி. விடுதிக் கணினியில் கார்ட் சில வேளை ரீசெட் ஆகாமல் அடம் பிடித்தது.

கணினியையும் கார்டையும் இணைக்கும் பிசிஐ பாதையில் எழுதுவது தபால் பெட்டியில் கடிதம் போடுவது மாதிரி. நீங்கள் போட்டுவிட்டு நடந்துவிடுவீர்கள், கடிதம் இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கலாம். ரீசெட் பிட்டை எழுதிவிட்டு 10 மைக்ரோ விநாடி காத்திரு என்று ட்ரைவர் சொல்கிறது. எழுத்து கார்டைப் போய்ச் சேருமுன்பே அந்த 10 மைக்ரோ விநாடி முடிந்துவிட்டால் காத்திருந்ததில் பயனில்லை. அதே கார்டிலிருந்து ஒன்றைப் படித்தால், முன்னே எழுதியவை எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வரும். அந்த "வீண்" வரி செய்தது அதைத்தான். ஆகவே ஒரு வரி ஏன் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாதவரை அதை அழிக்காதீர்கள். கிட் வரலாற்றைப் பாருங்கள், அந்த வரியைச் சேர்த்தவர் பெரும்பாலும் காரணத்தையும் எழுதியிருப்பார்.

பெரிய அளவில் நடக்கும் உண்மையான துப்புரவும் உண்டு. எஸ்டிஆர்எல்சிபிவை என்ற சரம் நகலெடுக்கும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் விவரங்களைக் கேட்கும் ஈதர்டூல் கருவிக்குத் தன் பெயரையும் பதிப்பையும் சொல்ல எத்தனையோ ட்ரைவர்கள் அதைப் பாவித்தன. மூலச் சரம் எவ்வளவு நீளம் என்று திருப்பிச் சொல்வதற்காக, இடம் நிறைந்த பிறகும் அது சரத்தின் முடிவுவரை படித்துக்கொண்டே போகும். முடிவுக்குறி இல்லாத சரம் மாட்டினால் படிக்கக் கூடாத நினைவகத்துக்குள் போய்விடும். அதை இடம் இடமாக எஸ்டிஆர்எஸ்சிபிவையால் மாற்றி, கடைசியில் 6.8 பதிப்பில் பழையதைக் கெர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கார்ட் நினைவகத்தை நேரடியாகத் தொடும் டிஎம்ஏ முறைக்கான பழைய பிசிஐ உறை ஃபங்ஷன்களும் அப்படித்தான் ட்ரைவர் ட்ரைவராக மாற்றப்பட்டு 5.18ல் போயின. இப்படிப்பட்ட வேலைக்குக் காக்சினெல் என்ற கருவி இருக்கிறது. ஜூலியா லாவாலின் குழு உருவாக்கியது. எந்த அமைப்பை எந்த அமைப்பாக மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கெர்னலின் முழு மூலக்குறியீட்டு மரத்திலும் தேடி மாற்றும். சி மொழியின் இலக்கணம் தெரிந்த கருவி என்பதால் வெறும் எழுத்துத் தேடலைவிட நம்பலாம்.

கார்ட் வாங்கக் காசில்லை என்ற கவலை வேண்டாம். க்யூஎம்யூ மெய்நிகர் கணினி ரியல்டெக் 8139, இன்டெல் ஈ1000 இரண்டையும் போலச் செய்து காட்டும், கெர்னலின் அசல் ட்ரைவரே அதில் ஓடும். கெர்னலைக் கம்பைல் செய்யும்போது ஃபெயில்ஸ்லாப் வசதியைச் சேர்த்தால், நினைவகம் கேட்கும்போது வேண்டுமென்றே இடைக்கிடை இல்லை என்று சொல்ல வைக்கலாம். கேமெம்லீக்கையும் சேர்த்தால் விடுவிக்கப்படாமல் கிடப்பதைக் காட்டிக் கொடுக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இன்டர்ஃபேஸை நூறு தடவை எழுப்பி இறக்கிப் பாருங்கள். இவை அன்று எனக்குத் தெரிந்திருந்தால் உப்புவெளிக்கு அத்தனை தடவை ஓடியிருக்கத் தேவையில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2003ல் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற சரிபார்ப்புக் கருவியும் உதவும். கார்டின் பைட் வரிசையும் கணினியின் பைட் வரிசையும் குழம்புகிற இடங்களை அது பிடித்துவிடும்.

அனுப்பும் முறையை ஆவணத்திலேயே படித்துக்கொள்ளலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நெட்வொர்க் பகுதிக்கு இரண்டு மூலக்குறியீட்டு மரங்கள். பிழைத்திருத்தம் நெட் மரத்துக்கு, புதியதும் துப்புரவும் நெட்-நெக்ஸ்ட் மரத்துக்கு. புதிய பதிப்புக்கான சேர்ப்புக் காலம் இரண்டு வாரம், அப்போது நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும், அனுப்பாதீர்கள். எந்தப் பழைய மாற்றத்தின் பிழையைத் திருத்துகிறீர்களோ அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளை ஃபிக்சஸ் வரியில் போட வேண்டும். ஒரு தொகுதியில் 15 பேட்ச்களுக்கு, அதாவது 15 திருத்தங்களுக்கு, மேல் வேண்டாம். திருத்திய பதிப்பை 24 மணி நேரத்துக்குள் திரும்ப அனுப்ப வேண்டாம், மற்றவர்களும் படித்துக் கருத்துச் சொல்லட்டும். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அது எனக்கு மனவருத்தம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிச் சோதித்தேன் என்று மூன்று எளிய வசனம் போதும். இலக்கணப் பிழைக்காக ஒரு பேட்சைத் திருப்பி அனுப்பி நான் கண்டதில்லை.

பராமரிப்பு என்பது இதற்குப் பிறகு வருவது. கெர்னலின் மெயின்டெய்னர்ஸ் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு ட்ரைவருக்கும் ஒரு நிலை எழுதியிருக்கும். சிலவற்றுக்கு எதிரே ஆர்ஃபன், அதாவது அநாதை, என்றிருக்கும். உள்ளே மற்ற ஏற்பாடுகள் மாறிக்கொண்டே இருப்பதால், யாரும் தொடாத ட்ரைவர் சும்மா இருந்தே கெட்டுப்போகும். நெட்வொர்க் ஃபங்ஷன் சுட்டிகளை எல்லாம் 2.6.29ல் ஒரே கட்டமைப்புக்குள் கொண்டுவந்தபோது ஒவ்வொரு ட்ரைவரையும் ஒருவர் தொட்டு மாற்ற வேண்டியிருந்தது. பாவிப்பவர் இல்லாமல் போனதை எடுத்துவிடுவதும் இந்த வேலையில் சேர்த்திதான். டோக்கன் ரிங் என்ற பழைய நெட்வொர்க் வகை 2012ல் 3.5 பதிப்போடு போனது. இன்னும் ஒருவராவது பாவிக்கிறார் என்று தெரிந்தால் ஒரு ட்ரைவரைக் காப்பாற்றி வைக்கிறார்கள். உப்புவெளி விடுதி மாதிரி இடங்களுக்கு, பத்துப் பதினைந்து வருடக் கணினிகளை வைத்துச் சமாளிக்கிற நம் ஊர்களுக்கு, அது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல நம்மில் ஆட்கள் வேண்டும். நீங்கள் கெர்னலுக்குள் போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, தம்பி, இந்த வார விடுமுறைக்கு ஒரு வேலை. ரியல்டெக் கோப்புறையில் 8139டூ என்ற ட்ரைவர் இருக்கிறது. டொனால்ட் பெக்கர் எழுதியதை அடிப்படையாக வைத்து ஜெஃப் கார்சிக் பராமரித்தது. மூவாயிரம் வரிக்கு உட்பட்டது. அனுப்புவதற்கு நான்கே நான்கு டிஸ்கிரிப்டர்கள், அதாவது பாக்கெட் எங்கே இருக்கிறது என்று கார்டுக்குச் சொல்லும் இடங்கள், பெறுவதற்கு ஒரே நீளப் பஃபர், ஆகவே தலை சுற்றாது. நான் மேலே சொன்ன எழுதிவிட்டுப் படிக்கும் தந்திரத்தையும் மேற்பகுதியிலேயே காண்பீர்கள், எதற்காக என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள். ஒரு தாளை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடப் பக்கம் ஓப்பன் ஃபங்ஷன் எடுப்பதை வரிசையாக எழுதுங்கள், வலப் பக்கம் குளோஸ் ஃபங்ஷன் விடுவதை. பிறகு ஓப்பனின் ஒவ்வொரு வரியிலும் "இது இப்போது கிடைக்கவில்லை என்றால்?" என்று கேட்டு, பதிலையும் அதே தாளில் எழுதுங்கள். அது முடிந்ததும் உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிற கார்டின் ட்ரைவரைத் திறந்து அதே மாதிரி இன்னொரு தாள். இரண்டு பக்கமும் ஒத்துவராத இடம் எங்காவது தட்டுப்பட்டால் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், நானும் திறந்து பார்க்கிறேன்.