கேள்வி - பதில்: மகள் பௌதிகவியல் படிக்கட்டுமா?

கேள்வி: மகளுக்கு என்ஜினியரிங் அனுமதிக்கு உயர்தரப் பரீட்சை இசட் புள்ளி போதவில்லை. யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது. பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் முடித்து, எல்.ஈ.டி. பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். "லைற் செய்ய என்ன படிப்பு? கம்பியூட்டர் படிக்க விடு" என்கிறார் என் அண்ணர். நீங்கள் அந்தத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.
- ஒரு தாய், சுன்னாகம்

பதில்: படிக்க விடுங்கள், தங்கச்சி.

நான் உயர்தரம் படித்தது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் இரவு முழுக்கக் கணக்குச் செய்தால் விடிய மூக்குக்குள் கரி இருக்கும். அதே காலத்தில், 1993இல், ஜப்பானில் சூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் செய்து காட்டிவிட்டார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. சிவப்பு 1962இலேயே அமெரிக்கர் நிக் ஹொலொன்யாக்கின் கையால் வந்துவிட்டது. நீலம் வரும்வரை வெள்ளை வரவில்லை. இன்று உங்கள் விறாந்தையில் எரியும் குமிழுக்குள் இருப்பது நீல ஒளி தரும் சிறு சிப்பும், அந்த ஒளியில் ஒரு பங்கை மஞ்சளாக்க அதன்மேல் பூசிய பொசுபர் என்ற பொடியும்தான். இரண்டும் கலந்தால் வெள்ளை.

நகமுரா படித்தது தோக்கியோவில் அல்ல, தோக்குஷிமா என்ற மாகாணப் பல்கலைக்கழகத்தில். 1979இல் அந்தப் பக்கத்திலேயே இருந்த நிச்சியா என்ற சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். காலையில் தன் உலையைத் தானே கழற்றித் திருத்துவார், பின்னேரம் அதில் படிகம் வளர்த்துப் பார்ப்பார். கலாநிதிப் பட்டம் வாங்கியது 1994இல், நீலம் எரிந்த பிறகு. 2014இல், நீல எல்.ஈ.டி.க்காக உழைத்த மற்ற இரு ஜப்பானியர்களான அக்கசாக்கி, அமானோ ஆகியோருடன் நோபல் பரிசு. ஊர்ப் பல்கலைக்கழகம் என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் வேலை எப்படிப்பட்டது என்று மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, நீல எல்.ஈ.டி. செய்யும் பொருளான கலியம் நைத்திரைட்டில், மின் ஓடுவதற்காக மகனீசியம் கலந்து, மெல்லிய படலம் வளர்ப்பதுதான் என் வேலை. இரண்டு அங்குலத் தட்டு, ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேல் சூடு, அமோனியா வாயு. ஒரு தட்டுக்கு ஒரு பகல் போய்விடும். ஆறு கிழமையாக எந்தத் தட்டிலும் மின் ஓடவில்லை. அமோனியாவிலிருந்து வரும் ஐதரசன் மகனீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். 1989இல் அக்கசாக்கியும் அமானோவும் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி மகனீசியத்தை வேலை செய்ய வைத்தார்கள். நைதரசனில் சூடாக்கினாலே போதும் என்று 1992இல் நகமுரா காட்டினார். நானும் அப்படித்தான் சூடாக்கினேன். அமோனியா வால்வு முழுதாக மூடாமல் கசிந்துகொண்டிருந்ததைத்தான் கவனிக்கவில்லை. போன ஐதரசன் திரும்பி வந்து குந்திக்கொண்டது. அதைக் கண்டுபிடித்தது என் கெட்டித்தனத்தால் அல்ல. நாளாந்தக் குறிப்புப் புத்தகத்தில் அமுக்க மானியின் அளவை ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருந்ததால். வால்வை மாற்றிய பிறகு, படலத்தில் மின் தொடுப்புக்காக அரிசி அளவு இண்டியம் உலோகப் பொட்டுகளை வைத்து ஊசியால் தொட்டேன். மின் ஓடியது. அன்று சாப்பிடவும் மறந்துபோனேன்.

ஒரே வேலையை ஐம்பதாவது தடவை செய்யும்போதும் அளவைப் பார்த்து எழுதுகிற பிள்ளையா உங்கள் மகள்? ஆம் என்றால் பயப்பட வேண்டாம்.

வழி இதுதான். இங்கே நாலு வருடச் சிறப்புப் பட்டம். யாழ். பௌதிகவியல் துறையில் சூரியக் கல ஆராய்ச்சி நடக்கிறது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை அங்கே செய்யக் கேட்கச் சொல்லுங்கள். சூரியக் கலத்தில் ஒளி மின்னாகிறது, எல்.ஈ.டி.யில் மின் ஒளியாகிறது, இரண்டிலும் வேலை நடப்பது இருவகைக் குறைகடத்திகள் சேரும் சந்தியில்தான். பிறகு வெளியே போகத்தான் வேண்டும். ஜப்பான், தைவான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இந்த வேலை நடக்கிறது. அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதி மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பிக்கவோ ஆராய்ச்சியில் உதவவோ மாதப் பணமும் கொடுப்பார்கள். காணி விற்கத் தேவையில்லை. கம்பியூட்டர் படித்த பிள்ளை உழைக்கத் தொடங்கி ஐந்தாறு வருடத்துக்கு இவள் உதவிப்பணத்தில்தான் இருப்பாள். அண்ணர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. செய்ய வேலை மிச்சம் இருக்கிறதா என்றால், நிறைய. நீலமும் சிவப்பும் நல்ல திறனோடு எரிய, நடுவில் பச்சை இன்னும் பின்னுக்கு நிற்கிறது.

கேள்வி: இரண்டு பழைய பற்றரிகளில் சிவப்பு எல்.ஈ.டி. எரிகிறது, நீலம் எரியவில்லை. பழுதா?
- மாணவன், சாவகச்சேரி

பதில்: பழுதில்லை, தம்பி. சிவப்பு எரிய ஏறக்குறைய 2 வோல்ற்று போதும், நீலத்துக்கு 3 வோல்ற்று அளவு வேண்டும். நீல ஒளித்துணிக்கை ஒன்றின் சக்தி சிவப்பினுடையதைவிடக் கூட. பழைய பற்றரி இரண்டும் சேர்ந்தும் அவ்வளவு தள்ளாது. புதுசு இரண்டு போட்டுப் பார். 9 வோல்ற்றுப் பற்றரியில் நேரே கொடுத்துவிடாதே, 470 ஓம் தடையி ஒன்றைத் தொடரில் போடு.