கொசுப் புகை அடிக்கும் நாளில் ஆஸ்துமா குழந்தை

கேள்வி: எங்கள் தெருவில் அடிக்கடி கொசுப் புகை அடிக்கிறார்கள். 7 வயது மகனுக்கு ஆஸ்துமா. புகை அடித்த அன்று இரவெல்லாம் இருமுகிறான். ஜன்னலைச் சாத்தினால் போதுமா? அந்த மருந்து உடம்பில் தங்கிவிடுமா?

பதில்: வெள்ளையாகத் தெரியும் அந்தப் புகையில் பெரும்பங்கு டீசல் அல்லது மண்ணெண்ணெய், பூச்சிமருந்து கொஞ்சம்தான். இயந்திரத்தின் சூட்டில் ஆவியாகும் எண்ணெய், வெளிக்காற்று பட்டதும் நுண்துளிகளாகிவிடும். பறக்கும் கொசுவின் மேல் படுவதற்காகவே அவ்வளவு நுண்மை. மூச்சுக்குழாய்க்குள் எளிதாக இறங்குவதும் அதனால்தான். ஆஸ்துமா உள்ள குழாய் இந்த எண்ணெய்க்கே சுருங்கிக்கொள்ளும்.

முடிந்தால், புகை அடிக்கும் நேரத்தில் பையனை வேறு தெருவுக்கு அழைத்துப் போய்விடுங்கள். முடியாவிட்டால் வண்டி வருவதற்கு முன்பே ஜன்னல், கதவுகளைச் சாத்தி, கதவின் அடி இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள்; அது ஓடினால் வெளிப்புகையை இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கும். சாத்திய வீட்டை அப்படியே விடிய விடிய விடுவதுதான் பலர் செய்யும் தவறு. எப்படியும் கொஞ்சம் புகை உள்ளே வந்திருக்கும். தெருவில் புகை அடங்கியதும் எல்லாவற்றையும் திறந்து, அரை மணி நேரமாவது மின்விசிறியை ஓடவிடுங்கள். பிறகு தரையையும் பொம்மைகளையும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். காய்ச்சல் பரவும் காலத்தில், உள்ளே இருக்கும் கொசுவும் சாக வேண்டும் என்று கதவைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். அது நியாயமான காரணம்தான். ஆனால் அப்போது பையன் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. முகத்தில் கட்டும் கைக்குட்டை பயன்தராது. என்95 முகக்கவசம் எண்ணெய்த் துளிகளுக்கு ஏற்றதல்ல, ஆவியையும் தடுக்காது.

மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்றுப் பம்பையும் நிறுத்தி வையுங்கள். கொசுப் புகையில் கலக்கும் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். பூனைக்கும் ஆகாது.

இருமல் தொடங்கினால், உங்கள் மருத்துவர் சொன்ன அளவில் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்புட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குடுவை) வைத்துக் கொடுங்கள். ஒரு முறை அழுத்தி, 4 அல்லது 5 மூச்சு இழுத்த பிறகே அடுத்தது. அதற்கும் அடங்காமல், விலா இடுக்கு உள்வாங்கினாலோ, பேச்சு திக்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புகை அடிக்கும் ஒவ்வொரு இரவும் இப்படி ஆகிறது என்றால், அவனுடைய ஆஸ்துமாவே கட்டுக்குள் இல்லை என்று பொருள். தினசரித் தடுப்பு இன்ஹேலரைத் தவறாமல் எடுக்கிறானா, சரியாக இழுக்கிறானா என்று மருத்துவரிடம் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் தங்குமா என்பதற்குப் பதில், எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. டெல்டாமெத்ரின் போன்ற பைரெத்ராய்டுகளைக் கல்லீரல் சிதைத்து, சில நாட்களில் சிறுநீரில் வெளியேற்றிவிடும். தோலில் பட்டால் ஊசி குத்துவதுபோல் இருக்கும். குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், வெந்நீர் எரிச்சலைக் கூட்டும். இன்னொரு புகை மருந்தான மாலத்தியான் வேறு ரகம். நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் இதை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. அந்தக் கவலை, தினமும் அதைக் கையாளும் தொழிலாளர்களுக்கே அதிகம். வண்டி கடந்து போகும்போது படும் அளவில் விஷமேறுவது அரிது. ஆனாலும் வாயில் நீர் வடிவது, அதிக வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குவது என்றெல்லாம் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு. அதனால் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். முந்தைய நாளே அறிவிப்பும் கேளுங்கள்.

புகை கொல்வது பறக்கும் கொசுவை மட்டுமே. தண்ணீரில் உள்ள புழுவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம், பத்து நாளில் புதுக் கொசு வந்துவிடும். டெங்குக் கொசுவின் முட்டை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. எனவே தண்ணீரைக் கொட்டினால் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரை பிரஷால் அழுத்தித் தேயுங்கள்.