ஏரிக்கரை கசிந்தால் என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடக்கே ஏரி, தெற்கே கண்மாய், நெல்லைச் சீமையில் குளம். பெயர் எதுவானாலும், மண்ணைக் குவித்துத் தண்ணீரைத் தாங்க வைத்த சின்ன அணைதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

கண்மாய்க் கரையின் வெளிப்பக்க அடியில் பத்து நாளாகத் தண்ணீர் ஊறுகிறது. பயப்பட வேண்டுமா?

மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். வெறும் ஈரத்துக்காகப் பதற வேண்டாம். பார்க்க வேண்டியவை இரண்டு: தண்ணீரின் நிறமும் அளவும்.

ஊறும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் தண்ணீரோடு கரையின் மண்ணும் வெளியேறுகிறது என்று பொருள். முதலில் வெளிவாயில் உள்ள மண் போகும். அந்த ஓட்டை கரைக்குள் பின்னோக்கித் தின்றுகொண்டே போய், தண்ணீர் நிற்கும் உள்வாய்ப் பக்கத்தை எட்டும். எட்டிய பிறகு சில மணி நேரத்தில் கரை போய்விடும்.

அளவு பார்க்க, ஊற்றை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்துக் குழாய்த் துண்டு ஒன்றின் வழியே விழச் செய்யுங்கள். 15 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, அன்றைய நீர்மட்டத்தோடு நோட்டில் எழுதுங்கள். நீர்மட்டம் ஏறும்போது கசிவும் ஏறுவது இயல்பு. மட்டம் அப்படியே இருந்தும், இறங்கியும்கூட, கசிவு கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே பொறியாளரை வரவழையுங்கள்.

கரையடி வயலில் மணல் கொப்பளிக்கிறது. களிமண் போட்டு அடைத்தால் போதுமா?

கூடவே கூடாது. எறும்புப் புற்று அளவில் ஒரு மணல் கூம்பு, நடுவில் தண்ணீர் கொப்பளிக்க, பருக்கைகள் சுழன்று ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்ப்பது இதுதானே? அதை வெளிப்பக்கம் அடைத்தால் அழுத்தம் கூடி, பக்கத்தில் இன்னும் பலமாகப் பீறிடும்.

தண்ணீரைப் போக விட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்குங்கள். வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற அதன் எடையே ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். தண்ணீர் தெளிவாக வரத் தொடங்கியதும் அடுக்குவதை நிறுத்தி, ஒரு குழாய் வழியே வடிய விடுங்கள். மூட்டையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். பிதுங்க நிரப்பினால் மூட்டைகள் ஒன்றோடொன்று படியாமல் இடுக்கு விழும். நேரம் இருந்தால், முதலில் ஆற்று மணல், மேலே சிறு சல்லி, அதற்கு மேல் 20 மி.மீ. ஜல்லி என ஒவ்வொன்றும் 15 செ.மீ. கனத்தில், ஈரம் தெரியும் இடத்தைத் தாண்டியும் பரப்புங்கள். இந்த வரிசை மாறினால் பயனில்லை.

அடைப்பது உள்வாய்ப் பக்கம்தான். அங்கே தண்ணீர் சுழித்து உள்ளே இறங்கும் இடம் தெரிந்தால் தார்ப்பாயை இறக்கி அதன் மேல் களிமண் மூட்டைகளைப் போடுங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, கரையில் இரண்டு பேர் பிடித்திருக்க வேண்டும். சுழி பலமாக இருந்தால் ஆளை இறக்கவே வேண்டாம்.

மடையை ஒட்டிக் கரையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மண் போட்டு மூடிவிட்டோம். சரிதானே?

மூடியது தவறு. கரையில் மிகவும் பலவீனமான இடம், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைதான். கல்லும் மண்ணும், அல்லது சிமெண்டும் மண்ணும் சேரும் விளிம்பில் மண் சரியாக இறுகாது. மடைநீரைக் கரைக்கு அடியில் கொண்டுபோகும் தூம்பின் வெளிச்சுவரை ஒட்டியே தண்ணீர் வழி தேடிக்கொள்ளும். மேலே தெரியும் பள்ளம், உள்ளே ஏற்கெனவே வெற்றிடம் உண்டு என்பதற்கு அடையாளம். போட்ட மண்ணை எடுத்துவிட்டு, தண்ணீர் குறைந்த பிறகு தூம்பு வரை தோண்டிப் பார்க்க வேண்டும். மடையை மூடிய நிலையிலும் தூம்பின் வெளிவாயில், குழாய்க்கு வெளியே நீர் வருகிறதா என்று இன்றே பாருங்கள்.

இதே காரணத்தால், வயலுக்குத் தண்ணீர் எடுக்கக் கரையைக் கீறி பி.வி.சி. குழாய் பதிப்பது பெருங்கேடு. அரை நாள் வேலையாகத் தெரியும். கரை உடைவதற்கான பாதையை நாமே போட்டுக் கொடுக்கிறோம்.

உபரி நீர் வழியும் கலங்கலில் ஓர் அடிக்கு மூட்டை அடுக்கினால் இன்னொரு போகத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்கிறார்கள். அதிகாரி தடுக்கிறார். யார் சொல்வது சரி?

அதிகாரி சொல்வதுதான் சரி. கணக்கைப் பாருங்கள். 20 மீட்டர் நீளக் கலங்கலின் மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 560 கன அடி வெளியேறும். அதே நீர்மட்டத்தில் 30 செ.மீ. மூட்டை அடுக்கியிருந்தால் வெளியேறுவது 200 கன அடிக்கும் குறைவு. உயரம் பாதியானால் வெளியேற்றம் பாதியாவதில்லை, மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மீதித் தண்ணீர் கரைமேல் ஏறும். மண்கரையின் மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. கல்லும் கான்கிரீட்டும் சற்று நேரம் தாங்கும், மண் தாங்காது.

மூட்டையை மழைக்கு முன் எடுத்துவிடுவோம் என்பார்கள். பெருமழை இரவில் வந்தால் யார் போய் எடுப்பது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. தென் மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. அப்படிப்பட்ட மழையில் கலங்கலின் ஒவ்வோர் அங்குலமும் தேவை. கலங்கலுக்கு முன்னே மண்டிய நாணலும், அதன் கீழே ஆக்கிரமிக்கப்பட்ட மறுகால் ஓடையும் மூட்டைக்குச் சமம்தான். கூடுதல் தண்ணீர் வேண்டுமானால் உள்வாயைத் தூர்வாருங்கள்.

கரையில் சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்டது. வெட்டினால் போதுமா?

கைவிரல் கனத்தில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட்டால் தொல்லையில்லை. பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை விட்டுவைத்தால் சில வருடங்களில் வேர் மட்கிக் குழல்போல வழி விழும். தண்ணீர் வற்றிய கோடையில் கட்டையையும் பருத்த வேர்களையும் தோண்டி எடுத்து, குழியைப் படிப்படியாக மண்ணிட்டு இறுக்கி மூட வேண்டும். பெரிய மரங்கள் பல இருந்தால் பொறியாளர் இல்லாமல் தொட வேண்டாம். பிறகு அருகம்புல் பதியுங்கள், சரிவில் வெட்டிவேர் நடுங்கள். கரைப் பனைகளை வெட்டச் சொல்லமாட்டோம். பட்டுப்போனவற்றை மட்டும் கவனியுங்கள். எலி, நண்டு வளைகளையும் புல் செதுக்கினால்தான் பார்க்க முடியும்.

கரையை உயர்த்த ஒப்பந்தக்காரர் லாரி மண்ணைக் கொட்டி ஜே.சி.பி. வாளியால் தட்டுகிறார். இது போதுமா?

போதாது. பழைய சரிவின் புல்லையும் மேல்மண்ணையும் முதலில் செதுக்கி, படிக்கட்டாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் புது மண் தனிப் பாளமாக வழுக்கும். மண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் பரப்பி ரோலர் ஓட்ட வேண்டும். ஈரப்பதம் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். உதிர்ந்தால் காய்ந்த மண், கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். கரிசல் மட்டும் போட்டால் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே சரளை மண் மூடாக்கு வேண்டும். மண்ணைக் கரையடியிலேயே தோண்டி எடுத்தால் கரையின் கால் வெட்டப்படுகிறது. அதை உடனே தடுத்து நிறுத்துங்கள்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, எங்கள் ஏரியை யாராவது வந்து சோதிக்க வேண்டாமா?

2021ஆம் ஆண்டுச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் போன்ற வரம்புகளில் ஒன்றையாவது எட்டினால் சேரும். அவற்றுக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம். நம் ஏரிகளில் பெரும்பாலானவற்றின் கரை உயரம் 10 மீட்டர்கூட இல்லை. ஆகவே அவை அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. இது வருத்தத்துக்குரியது. கரை நாலு மீட்டர்தான் என்றாலும் அதன் கீழே தெரு இருந்தால் ஆபத்து ஆபத்துதான். 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் உடைந்து ஊரை அடித்துச் சென்ற திவரே அணையும் சிறுபாசனத்துக்காகக் கட்டிய மண் அணைதான்.

தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். உங்கள் ஏரி யாரிடம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு செப்டம்பரிலும் ஜனவரியிலும் கூட்டாய்வு கேட்டு, கிராம சபைத் தீர்மானத்தோடு மனுக் கொடுங்கள். கசிவு நோட்டின் நகலும், தேதி தெரியும் படங்களும் சேர்ந்தால் அந்த மனுவைத் தள்ளிவைப்பது கடினம். பதில் வராவிட்டால் கடைசி ஆய்வு அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.

உடையும் நிலை வந்தால் நாங்களே கரையை வெட்டிவிடலாமா?

வேண்டாம். நாலு அடி அகலத்துக்கு வெட்டிய வாய் தண்ணீர் இழுப்பில் நாற்பது அடியாகும், அதை நிறுத்த முடியாது. எல்லா மடைகளையும் முழுதாகத் திறந்து, கலங்கலில் சிக்கிய செத்தையை அகற்றுங்கள். மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070. கரையடி வீடுகளில் உள்ளவர்களை அதற்குள் மேட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்தபடியாகக் கீழே உள்ள ஏரிக்காரர்களுக்குச் சொல்லுங்கள். நம் ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரி உடைந்த தண்ணீர் கீழ் ஏரியின் கரையில்தான் மோதும். அவர்களுடைய மடைச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எண் என்ன என்பதை மழைக்கு முன்பே எழுதி வாங்கிவையுங்கள்.