3000 யூரோவைக் கட்டாதீர்கள்: ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக்கு

ஜெர்மனியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகனுக்கு 16 வயது, உயரம் 1.93 மீட்டர், பாயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். 19 வயதுக்கு உட்பட்டோருக்கான என்பிபிஎல் லீக்கில் ஒரு நடுத்தர அணியில் ஆடுகிறான். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஸ்காலர்ஷிப்போடு ஆட வேண்டும் என்று ஆசை. ஒரு ஏஜென்சி 3000 யூரோ கேட்கிறது. அதற்கு மூன்று நிமிட ஹைலைட் வீடியோ ஒன்று செய்து 200 கல்லூரிகளுக்கு அனுப்புவார்களாம், ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டால் அந்தத் தொகையில் 10 சதவீதம் தனியாகத் தர வேண்டுமாம். கட்டலாமா, திறமை தேடி வரும் ஸ்கவுட்டுகள் உண்மையில் எங்கே வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள்?

கட்டாதீர்கள். பணம் வீணாகும் என்பதைவிட, அந்த 10 சதவீதம்தான் பெரிய ஆபத்து. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் விதிப்படி, மாணவனின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பித் தருகிறவருக்குக் கட்டணம் கொடுக்கலாம். ஆனால் 'ஸ்காலர்ஷிப் வாங்கிக் கொடுத்தால் இவ்வளவு' என்று பேசி வைத்த கட்டணமாக அது இருக்கக் கூடாது. அப்படி ஒரு தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் பையனின் ஆடும் தகுதிக்கே கேள்வி வரும். இந்த அடிப்படை விதியைத் தெரியாமலோ தெரிந்தோ மீறுகிறவர்களிடம் பிள்ளையின் எதிர்காலத்தைக் கொடுக்க வேண்டாம்.

இனி ஸ்கவுட் விஷயத்துக்கு வருவோம். நான் ஐரோப்பிய இளையோர் போட்டிகளைப் பார்த்துக் கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குக் குறிப்பு எழுதும் வேலையில் இருக்கிறேன், அங்கிருந்து சொல்கிறேன். 'நல்ல பிளேயர் யாராவது இருக்கிறார்களா' என்று எந்தக் கோச்சும் கேட்பதில்லை. 'அடுத்த சீசனுக்கு ஒரு இடதுகை கார்ட் வேண்டும், பிக் அண்ட் ரோல் (சக வீரர் எதிரியை மறித்துத் தரும் இடைவெளியில் ஆடுவது) ஓட்டத் தெரிய வேண்டும், வந்த முதல் வருடமே 15 நிமிடம் ஆட வேண்டும்' என்றுதான் கேட்பார். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, குறிப்பாக 2024இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம் என்று திறந்துவிட்ட பிறகு, இது இன்னும் கூடிவிட்டது. வேறு கல்லூரியில் மூன்று வருடம் ஆடிப் பழகிய 22 வயதுக்காரனை எடுத்துக்கொள்ள முடியும் என்கிறபோது, பள்ளி முடித்து வருகிற 18 வயதுப் பையனை வளர்த்தெடுக்கக் கோச்சுக்குப் பொறுமை இல்லை. போதாததற்கு 2025-26 முதல், வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட புதிய நீதிமன்ற ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஆண்கள் அணியில் மொத்தமே 15 பேர்தான். அதனால் ஐரோப்பியப் பையன்களிடம் அவர்கள் முதலில் தேடுவது ஒன்றே ஒன்று: வளர்ந்த ஆண்களோடு மோதி ஆடிய அனுபவம்.

இதில்தான் ஜெர்மனியில் வளர்வது பெரிய வசதி. அமெரிக்கப் பள்ளிப் பையன் தன் வயதுக்காரர்களோடு மட்டுமே ஆடுகிறான். இங்கே 17 வயதில் காலையில் என்பிபிஎல் ஆட்டம், மறுநாள் கிளப்பின் இரண்டாவது அணிக்காக, பெரியவர்கள் ஆடும் மூன்றாம் நிலை லீக்கான ப்ரோ-பியில் முப்பது வயதுக்காரர்களோடு ஆட்டம் என்று ஓட முடியும். ஃபிரான்ஸ் வாக்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பே ஆல்பா பெர்லினின் முதல் அணியில் ஆடியிருந்தார். இரண்டு வருடக் கல்லூரிக்குப் பிறகு, என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2021 டிராஃப்டில் 8ஆவதாக எடுக்கப்பட்டார். அண்ணன் மோரிட்ஸும் அதே பெர்லின், அதே மிச்சிகன்தான். 2025இல் பயர்ன் மியூனிக்கிலிருந்து இவான் கார்சென்கோவ் அரிசோனாவுக்கும், வூர்ஸ்பர்கிலிருந்து ஹன்னஸ் ஸ்டைன்பாக் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள், இருவரும் அதற்கு முன் பெரியவர்கள் லீக்கில் ஆடியவர்கள். ஆகவே உங்கள் பையனுக்கு இரண்டு வழி இருந்தால், பெயர் பெற்ற கிளப்பின் இளையோர் அணியில் பெஞ்சில் உட்கார்வதைவிட, சின்ன கிளப்பில் பெரியவர்களோடு 20 நிமிடம் ஆடுவதை நான் தயங்காமல் சொல்வேன்.

எங்கே பார்க்கிறார்கள்? கோடையில் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா நடத்தும் 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்கள்தான் முதல் சந்தை. ஏ பிரிவு மட்டும் அல்ல, பி பிரிவிலும் கல்லூரி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே போட்டி குறைவு என்பதால் சின்ன கல்லூரிகளுக்கு அதுதான் வசதி. யூரோலீக் நடத்தும் அடிடாஸ் நெக்ஸ்ட் ஜெனரேஷன் போட்டி, மன்ஹைமில் நடக்கும் ஆல்பர்ட் ஷ்வைட்சர் போட்டி ஆகியவையும் உண்டு. ஜெர்மன் இளையோர் அணி இப்போது எல்லோர் கண்ணிலும் இருக்கிறது: 2024இல் தம்பேரேயில் 18 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய சாம்பியன், 2025இல் லோசானில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை வந்து அமெரிக்காவிடம் 109-76 என்று தோற்றது. தேசிய அணிக்குத் தேர்வாகாவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. கல்லூரிகளில் ஹட்ல், சினர்ஜி மாதிரியான ஆட்ட வீடியோ தளங்கள் இருக்கின்றன, பதிவான ஆட்டம் என்றால் அயோவாவில் உட்கார்ந்து என்பிபிஎல் ஆட்டத்தை முழுதாகப் பார்க்கிறார்கள். அவன் ஆட்டங்கள் அங்கே ஏறுகின்றனவா என்று கிளப்பில் முதலில் விசாரியுங்கள்.

எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் பெரும்பாலும் புள்ளிக் கணக்கையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஆட்டத்தில் 28 புள்ளி எடுத்தான் என்பது எனக்கு மிகக் குறைவாகவே சொல்லும். எதிரணி பிக் அண்ட் ரோலில் இருவராக வந்து மறிக்கும்போது பந்தை எவ்வளவு சீக்கிரம் விடுகிறான், பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறான், ஷாட் தவறிய பிறகு திரும்பி ஓடும் வேகம், தன்னைவிட வலுவான கார்ட் தோளால் இடித்தால் நிலை தடுமாறுகிறானா, கோச் வெளியே எடுக்கும்போது முகம் எப்படி இருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கிறானா தரையைப் பார்க்கிறானா, இதெல்லாம்தான் என் நோட்டில் ஏறும். 1.93 மீட்டர் கார்டுக்கு நல்ல உயரம்தான், ஆனால் அந்த உயரத்தில் கல்லூரிகளில் ஆள் பஞ்சமே இல்லை, அதனால் இந்தச் சின்ன விஷயங்களில்தான் அவன் தனித்துத் தெரிய முடியும். மூன்று புள்ளி ஷாட்டில் ஒரு சீசனின் சதவீதத்தை அவ்வளவாக நம்ப மாட்டேன், எண்ணிக்கை குறைவு. ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் ஷாட்டின் வடிவத்தையும் பார்ப்பேன். 80க்கு மேல் ஃப்ரீ த்ரோ போடுகிற பையனின் மூன்று புள்ளி ஷாட் பெரும்பாலும் பின்னால் வந்து சேரும்.

ஐரோப்பியப் பையனுக்கு விதிகளிலும் ஒரு சாதகம் உண்டு. 2019-20 முதல், என்சிஏஏவின் மேல்நிலைப் பிரிவான டிவிஷன் 1 ஆண்கள் ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடும் ஃபீபாவின் கோடும் ஒரே தூரம், 6.75 மீட்டர். ஷாட் போட்டாக வேண்டிய நேரம், ஷாட் கிளாக், அங்கே 30 வினாடி, இங்கே 24. ஆகவே இங்கே வேகமாக முடிவெடுத்துப் பழகியவனுக்கு அங்கே ஆறு வினாடி கூடுதலாகக் கிடைக்கிறது. ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஸோன் டிபென்ஸும் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத்தான், என்பிஏ மாதிரி, யாரையும் மறிக்காமல் கூடைக்கு அருகே மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற தற்காப்பு விதி இல்லை.

சின்ன இடத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். யாகோப் பெல்ட்ல் ஆஸ்திரிய லீக்கிலிருந்து 2014இல் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய் 2016 டிராஃப்டில் 9ஆவதாக எடுக்கப்பட்டார், ஆனால் அவர் 2.13 மீட்டர், உங்கள் பையனுக்கு அது பொருந்தாது. யோன் ஆக்செல் குட்முண்ட்சனைப் பாருங்கள். ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக்கிலிருந்து வந்த கார்ட், டேவிட்சன் கல்லூரியில் நான்கு வருடம் இருந்து 2019இல் அட்லாண்டிக் 10 என்ற கல்லூரிக் குழுவின் சிறந்த வீரர் ஆனார். டேவிட்சன் வெளிநாட்டுப் பையன்களை எடுத்துப் பழகிய கல்லூரி. கொன்சாகாவும் அப்படியே. அங்கே வெளிநாட்டுத் தேடலைப் பார்த்துக்கொண்ட டாமி லாயிட் 2021இல் அரிசோனாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனதும் அந்தப் பழக்கமும் கூடவே போனது. 200 கல்லூரிகளுக்கு ஒரே மெயில் அனுப்புவதைவிட, ஐரோப்பியர்களைத் தொடர்ந்து எடுக்கிற 15 கல்லூரிகளைத் தேடி, அடுத்த வருடம் எந்தெந்த கார்ட் படிப்பு முடித்துப் போகிறான் என்று அணிப் பட்டியலைப் பார்த்து எழுதுவது ஆயிரம் மடங்கு மேல். தலைமைப் பயிற்சியாளருக்கு எழுத வேண்டாம், உதவிப் பயிற்சியாளர்களுக்கு எழுதுங்கள், அவர்கள் மெயில் முகவரி கல்லூரித் தளத்திலேயே இருக்கும். தம்பியே எழுதட்டும். பிறந்த தேதி, ஷூ இல்லாமல் அளந்த உயரம், கை விரித்த நீளம், பள்ளி முடிக்கும் வருடம், மதிப்பெண், அடுத்த ஆட்டங்களின் தேதி, கூடவே இரண்டு முழு ஆட்டங்களின் லிங்க். இரண்டில் ஒன்று அவன் அணி தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். ஹைலைட் வீடியோ வேண்டுமென்றால் கிளப்பில் யாராவது ஒரு மாலையில் செய்து தருவார்கள், அதைப் பார்த்து யாரும் ஸ்காலர்ஷிப் தருவதில்லை, முழு ஆட்டத்தைத் திறக்க வைக்கும், அவ்வளவுதான்.

இப்போது தாள்கள். நல்ல பையன்கள் கடைசி நேரத்தில் வாய்ப்பை இழப்பது பெரும்பாலும் இங்கேதான், அதுதான் எனக்கு மனம் வலிக்கிற விஷயம். டிவிஷன் 1இல் ஆட 9ஆம் வகுப்பு முதல் 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், அவற்றில் 4க்குக் குறைந்தது 2.3 சராசரி (அமெரிக்க அளவுகோலில்) வேண்டும். விளையாட்டும் ஓவியமும் கணக்கில் வராது. எஸ்ஏடி தேர்வைத் தகுதிக்காக என்சிஏஏ கேட்பதை 2023இல் நிறுத்திவிட்டது, ஆனால் சில கல்லூரிகள் தாமாகக் கேட்கும். 9ஆம் வகுப்பிலிருந்து எல்லாச் சான்றிதழ்களையும் ஜெர்மன் மூலத்தோடும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், தகுதியைச் சரிபார்க்கும் என்சிஏஏவின் எலிஜிபிலிட்டி சென்டரில் இந்த வருடமே கணக்குத் தொடங்குங்கள்.

பயிற்சிக்கு நேரம் கிடைக்கும் என்று ஒரு வகுப்பைத் திரும்பப் படிக்க வைக்காதீர்கள். பள்ளி முடிக்க வேண்டிய காலத்திலிருந்து ஒரு வருடம்தான் சலுகை, அதற்கு மேல் அமைப்புக்குட்பட்ட போட்டிகளில் ஆடினால் கல்லூரியில் ஆடும் வருடங்கள் குறையத் தொடங்கும் என்பதே நெடுங்கால விதி. இப்போது விதிகள் வேகமாக மாறிக்கொண்டிருப்பதால், எந்த முடிவுக்கும் முன் அந்த வருடத்து விதியை என்சிஏஏ தளத்திலேயே சரிபாருங்கள், யாரோ வாட்ஸப்பில் சொன்னதை நம்ப வேண்டாம்.

அப்புறம் கிளப் ஒப்பந்தம். பெரியவர்கள் அணியில் ஆடட்டும் என்றேன், ஆனால் 'மாதம் இவ்வளவு தருகிறோம்' என்று தாள் நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். துருக்கியின் ஃபெனர்பாசே கிளப்பில் ஆடிய ஏனஸ் கான்டர், செலவுக்கு மேல் 33,033 டாலர் பெற்றார் என்று கென்டகி பல்கலைக்கழகத்துக்காக ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் போனார், இது 2010-11இல். டொமன்டாஸ் சபோனிஸ் கொன்சாகா போவதற்காகவே ஸ்பெயினின் உனிகாஹா மலாகா கிளப்பில் ஒப்பந்தம் இல்லாமல் ஆடினார். இன்று பிடி நன்றாகத் தளர்ந்துவிட்டது. ரியல் மாட்ரிட்டிலிருந்து எகோர் டியோமின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கும், பார்சிலோனாவிலிருந்து கஸ்பராஸ் யாகுச்சியோனிஸ் இல்லினாய்க்கும் போய் ஒரே வருடத்தில், 2025 டிராஃப்டில் 8ஆவது, 20ஆவது இடங்களில் எடுக்கப்பட்டார்கள். ஆனாலும் ஒவ்வொருவர் விஷயமும் தனித்தனியாக ஆராயப்படுகிறது. விலகும்போது கிளப்புக்குக் கட்ட வேண்டிய தொகை ஒப்பந்தத்தில் இருந்தால் சின்ன கல்லூரிகள் அங்கேயே பின்வாங்கும். கல்லூரிக்குப் போக இலவசமாக விடுவிப்போம் என்ற ஒரு வரி அந்தத் தாளில் இருக்க வேண்டும். இங்கே மட்டும் ஒரு வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள்.

கல்லூரி வீரர்கள் இப்போது சம்பாதிக்கும் பணத்தைப் பற்றித் தம்பி நிச்சயம் கேட்பான். 2025-26இல், முன்பு சொன்ன ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்குமாக 20.5 மில்லியன் டாலர் வரை பங்கிடலாம். ஆனால் அவன் எஃப்-1 மாணவர் விசாவில் போவான், அதில் வேலை செய்து சம்பாதிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, கல்லூரியின் விசா அலுவலகத்தைக் கேட்காமல் எந்த விளம்பரத்திலும் தலை காட்டக் கூடாது.

கடைசியாக, டிவிஷன் 1 மட்டுமே கல்லூரி இல்லை. டிவிஷன் 2இலும், என்சிஏஏவுக்கு வெளியே உள்ள இன்னொரு அமைப்பான என்ஏஐஏயிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு, அங்கே அது பெரும்பாலும் பகுதித் தொகை. டிவிஷன் 3இலும், ஹார்வர்ட், யேல் முதலானவை சேர்ந்த ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஐவியில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருவார்கள். சில தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும், ஆகவே எந்தக் கோச் 'வா' என்று சொன்னாலும் தொகை எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, காயம் பட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 16 வயதுக்கு அவசரம் எதுவும் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் கிளப்பின் பெரியவர்கள் அணியில் பயிற்சிக்காவது சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், முக்கியப் பாடங்களின் பட்டியலை எடுத்து அவன் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெயில்களை அடுத்த வசந்தத்தில் எழுதலாம்.