பாதசாரிக்கு எத்தனை வினாடி?

அன்புள்ள ஐயா,

நான் சிவில் இன்ஜினீயரிங் மாணவன். ஸ்மார்ட் சிட்டி பற்றி நீங்கள் எழுதியதில் சந்தேகமே தூக்கலாகத் தெரிந்தது. தென்கொரியாவின் சாங்டோவில் வீட்டுக் குப்பையைக் குழாய் வழியே காற்றால் உறிஞ்சி எடுக்கிறார்கள். சிக்னல்களை சென்சார் பார்த்துக்கொள்கிறது. நெரிசலும் அழுக்கும் இல்லாத நகரத்தை முதன்முறையாக நம்மால் கட்ட முடியும். அந்தக் கனவை ஏன் தள்ளி வைக்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தள்ளி வைக்க வேண்டாம். தினமும் நெரிசலில் பொழுதைத் தொலைப்பவருக்கு அந்தக் கனவு ஆடம்பரமே இல்லை. சாங்டோவின் குப்பைக் குழாயும் நல்ல ஏற்பாடுதான். குப்பை அள்ளும் மனிதரின் முதுகைக் காப்பாற்றும் எதையும் நான் வரவேற்பேன்.

'முதன்முறையாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. 1898-லேயே இங்கிலாந்தின் எபனேசர் ஹோவர்ட் 32,000 பேருக்கான தோட்ட நகரத்தை வட்டம் வட்டமாக வரைந்து காட்டிவிட்டார். 1960-ல் பிரேசில் திறந்த புதிய தலைநகர் பிரேசிலியாவில் கார்கள் தங்குதடையின்றி ஓட அகலமான சாலைகள் போட்டார்கள். அந்த ஊரைக் கட்டிய தொழிலாளர்களுக்கு மட்டும் வரைபடத்தில் இடமில்லை. தள்ளியிருந்த துணைநகரங்களுக்குப் போனார்கள். அபுதாபியின் மஸ்தாரில் ஓட்டுநர் இல்லாத குட்டி வண்டிகள் ஊர் முழுக்க ஓடும் என்றார்கள். 2016-ல் முடிய வேண்டிய நகரம் தள்ளிக்கொண்டே போனது, வண்டித் திட்டம் தொடக்கக் கட்டத்தோடு நின்றது.

சரி, சிக்னலுக்கு வருவோம். தார்ச்சாலையைக் கீறி, கம்பியை வளையமாகப் பதித்து மூடுகிறார்கள். மேலே கார் வந்து நின்றால் அதன் உலோகம் கம்பியைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தை மாற்றும்; ஓரத்துப் பெட்டியிலுள்ள கருவி 'ஒரு வண்டி' என்று குறித்துக்கொள்ளும். சிட்னியில் 1970-களில் உருவான ஸ்காட்ஸ் முறை இந்தக் கணக்கை வைத்துத்தான் பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் நடந்து வருகிறவர் அந்தக் கம்பிக்குத் தெரியவே மாட்டார். பொத்தானை அழுத்தினால் யாரோ நிற்பது தெரியும், நிற்பது ஒருவரா நாற்பது பேரா என்பது தெரியாது.

அப்புறம் அவருக்குக் கொடுக்கும் நேரம். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பல நாடுகளில் வழக்கமான கணக்கு. அப்படியானால் 12 மீட்டர் சாலைக்கு 10 வினாடி. மூட்டுவலியோடு தடி ஊன்றி வரும் பாட்டி வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடக்கிறார் என்றால், நேரம் முடியும்போது 8 மீட்டர் கடந்திருப்பார். மீதி 4 மீட்டரை, உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிகளுக்கு முன்னால் அவர் எப்படிக் கடப்பார்? கணக்கில் பிழையே இல்லை. பாட்டிதான் அதற்குள் இல்லை.

இதே பாட்டிக்காக சிங்கப்பூர் 2009-ல் ஒரு காரியம் செய்தது. மூத்த குடிமக்கள் தங்கள் சலுகை அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி கூடுதலாகக் கிடைக்கும். பெரிய கட்டுப்பாட்டு அறையோ சுவர் நிறையத் திரைகளோ இதற்குத் தேவைப்படவில்லை. எனக்கு வேண்டிய தொழில்நுட்பம் இதுதான். ஊரே தூங்கும் பின்னிரவில் குழாயில் ஓடும் நீரை அளந்து, கசிவு எந்தப் பகுதியில் என்று கண்டுபிடிப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். திறப்பு விழாவில் காட்ட முடியாத வேலை என்பதால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டொராண்டோவையும் படித்துப் பாருங்கள். கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் 2017-ல் அங்கே ஏரிக்கரையில் 12 ஏக்கரில் சென்சார் நிறைந்த குடியிருப்பு அமைக்க வந்தது. சேரும் தகவல் யார் கைக்குப் போகும் என்று ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டார்கள். தனியுரிமை ஆலோசகர் ஆன் கவூக்கியன் 2018-ல் விலகினார். 2020 மே மாதம், கொரோனா காலப் பொருளாதார நிலையைக் காரணம் காட்டி நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அந்த மக்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் இல்லை. தங்கள் தெருவைப் பற்றிய முடிவில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் நாளைக்கு சிக்னலுக்கு நேரம் குறிக்கும் இடத்தில் உட்காரப் போகிறவர். அந்த 1.2 என்ற எண்ணை யார் மாற்றலாம், யார் சொன்னால் மாற்றுவார்கள் என்று உங்கள் ஆசிரியர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.